எந்த உப்பு?

கனமூலையிலும் மதுரங்குளியைச் சுற்றிய மற்ற ஊர்களிலும் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த வார்த்தை உப்பாகத்தான் இருக்கும். "எங்கட கிணறு உப்பு, அடுத்த வளவுக் கிணறு நல்ல தண்ணி" என்பார்கள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் உப்பு. கோடையில் களப்போரத்துச் சேற்றில் பூத்துக் கிடப்பதும் உப்பு. தென்னங்கன்று நடும் குழியில் ஒரு கை அள்ளிப் போடுவதும் உப்பு. கிளினிக்கில் டொக்டர் குறைக்கச் சொல்வதும் உப்பு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு "உப்பு கூடிப் போச்சு" என்று சொன்னால் அதுவும் உப்பு. இவற்றில் சில ஒரே பொருள். சில ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. சில, அறிவியல் கணக்கில் உப்பே இல்லை.

ஆங்கிலத்தில் 'சால்ட்' என்ற பெயர்ச்சொல்லும் இப்படித்தான் பல வீடுகளில் குடியிருக்கிறது. சமையலறை உப்பு, இரசாயனவியலின் உப்பு, கடலில் வயதான மாலுமி, குளிக்கும் தண்ணீரில் கரைக்கும் வாசனைப் பொடி என்று அகராதி வரிசை போடுகிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நடத்திய ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சுவார்த்தைக்குக்கூட முதலெழுத்துகள் சேர்ந்து இதே பெயர் அமைந்தது. ஆனால் மாலுமியையும் ஏவுகணை ஒப்பந்தத்தையும் யாரும் சாப்பாட்டு உப்போடு குழப்பிக்கொள்வதில்லை. ஏன் குழப்பிக்கொள்வதில்லை என்பதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது.

1979இல் டேவிட் சுவின்னி என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஆங்கிலத்தின் 'பக்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். அதற்குப் பூச்சி என்றும் பொருள் உண்டு. உளவு பார்க்க ஒளித்து வைக்கும் ஒட்டுக்கேட்புக் கருவி என்றும் பொருள் உண்டு. சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே போகும் ஒரு கதையை ஆட்கள் காதால் கேட்டுக்கொண்டிருக்க, அந்தச் சொல் ஒலித்த அதே கணத்தில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். 'எறும்பு' என்று காட்டியபோது சட்டென்று இனங்கண்டார்கள், அது எதிர்பார்த்ததுதான். 'உளவாளி' என்று காட்டியபோதும் அதே வேகத்தில் இனங்கண்டார்கள். கதை பூச்சியைப் பற்றியது என்று தெரிந்திருந்தும், மூளை ஒரு கணம் இரண்டு பொருளையும் எழுப்பிவிடுகிறது. இன்னும் மூன்று அசை தள்ளிக் காட்டியபோது 'உளவாளி' அணைந்துவிட்டது. 'எறும்பு' மட்டும் விழித்திருந்தது. தேவையில்லாத பொருளை ஒரு நொடிக்குள் தள்ளிவிடும் இந்த வேலையை நாம் நாள் முழுக்க, அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

பூச்சியும் உளவுக் கருவியும் ஒன்றுக்கொன்று வெகுதூரம். அதனால் கதையின் போக்கே போதும், எது வேண்டும் என்று காட்டிவிடும். உப்பின் பொருள்கள் அப்படியல்ல. அவை வேலி போடாத அக்கம்பக்கத்து வளவுகள் மாதிரி. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று நடப்பவருக்குத் தெரியாது. தண்ணீர், சாப்பாடு, நோய், மருந்து என்ற ஒரே பேச்சுக்குள் இந்தப் பொருள்கள் எல்லாம் வந்து போகும். சூழலைப் பார்த்து மூளையால் பிரிக்க முடியாது. அப்போது தெரிந்துதான் பிரிக்க வேண்டும்.

தெரிந்துகொள்ள, ஒரு வேலை செய்து பாருங்கள். களப்பிலிருந்தோ கடலிலிருந்தோ கொஞ்சம் தண்ணீர் எடுத்து, கறுப்பு நிறத் தட்டொன்றில் சில துளிகள் விட்டு, தூசு படாத இடத்தில் காய வையுங்கள். காய்ந்து வரும்போது பூதக்கண்ணாடியால் பாருங்கள். துளியின் வெளி ஓரத்தில் மங்கலான வெள்ளை வளையம் ஒன்று முதலில் தோன்றும். மாப் போல மிக நுண்ணியது, அங்கங்கே மெல்லிய ஊசிகளும் தெரியலாம். அதற்கு உள்ளே, கொஞ்சம் பொறுத்து, சதுரங்கள் பிறக்கும். அளவெடுத்து வெட்டியது போன்ற சதுரங்கள். சிலவற்றின் மேல் படிக்கட்டு இறங்கும் குழி இருக்கும். ஓரங்கள் வேகமாக வளர, நடுப்பகுதி பின்தங்குவதால் வருவது அது. கடைசியில் நடுவே ஒரு ஈரப் பிசுபிசுப்பு மிஞ்சும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் நம் கரையோரக் காற்றில் அது காயாது.

ஒரு துளி கடலுக்குள் இருந்தது ஓர் உப்பல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வெளி வளையம் கல்சியம் காபனேற்றும், ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற்றும். சதுரங்கள் சோடியம் குளோரைட்டு, அதாவது கறிக்குப் போடும் உப்பு. நடுவில் காயாத ஈரம் பெரும்பாலும் மக்னீசியத்தின் உப்புகள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் கரைபொருள் உண்டு. அதில் சோடியமும் குளோரைட்டும் சேர்ந்தே ஏறத்தாழ 30 கிராம். மீதி ஐந்து கிராமுக்குள் சல்பேற்று, மக்னீசியம், கல்சியம், பொற்றாசியம் எல்லாம் அடங்கிவிடும்.

புத்தளத்து உப்பளங்களின் தொழிலே இந்த வரிசையை அடக்கி ஆள்வதுதான். 1849இல் உசீலியோ என்ற இரசாயனவியலாளர் மத்தியதரைக் கடல் தண்ணீரைப் படிப்படியாக வற்ற வைத்து, எந்தக் கட்டத்தில் எது பிரிகிறது என்று குறித்து வைத்தார். தண்ணீர் ஏறத்தாழப் பாதியாகச் சுண்டும்போது காபனேற்று விழும். ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம் விழும். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோடியம் குளோரைட்டு படியத் தொடங்கும். உப்பளக்காரர்கள் இதைத் தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவுகோலில் பார்ப்பார்கள். சாதாரணக் கடல்நீர் அந்தக் கோலில் மூன்று, மூன்றரை காட்டும். உப்பு விளைவது 25இல். 29, 30ஐத் தாண்டினால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாமல் வைத்திருந்தால் மக்னீசியமும் சேர்ந்து படிந்து உப்பு கசக்கும். சாக்கில் கட்டி வைத்தால் நீர் வடியும். ஜிப்சத்தை முந்திய தொட்டிகளிலேயே விழவைத்து, மக்னீசியம் விழுமுன் தண்ணீரை வெளியேற்றி, இடையில் விளைவதை மட்டும் அள்ளுவது பெரிய நுட்பம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'ஆவியாக்கல்' என்று ஒரு சொல்லில் முடிந்துபோகும் இந்த வேலையைப் பரம்பரை பரம்பரையாகக் கண்ணாலும் காலாலும் அளந்து செய்தவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். கண்டி இராச்சியத்துக்கு இங்கிருந்து உப்புப் போன காலமும் இருந்தது.

இயற்கையும் இவர்களுக்குக் கொஞ்சம் துணை. புத்தளம் களப்பு கடலோடு சேரும் வாய் வடக்கே இருக்கிறது. தெற்குக் கோடிக்குக் கடல்நீர் வந்து போவது மெதுவாகத்தான். மழையில்லாத மாதங்களில் அங்கே வற்றும் தண்ணீருக்கு ஈடாகப் புதுத் தண்ணீர் வராததால் களப்பு கடலைவிட உப்பேறிவிடும். பாதி வேலையை வெயில் களப்பிலேயே முடித்து வைக்கிறது. மழை பிசகினால் அத்தனையும் போச்சு. 2025இல் மழையால் உப்பளங்கள் கெட்டு, சுற்றிவரக் கடலுள்ள இந்தத் தீவு இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி இரசாயனவியலாளரின் உப்புக்கு வருவோம். 1754இல் பிரான்சின் கியோம் பிரான்சுவா ரூவெல் அமிலமும் மூலமும் சேர்ந்து உருவாவது எல்லாமே உப்பு என்று வரையறுத்தார். அன்றோடு 'உப்பு' ஒரு பொருளின் பெயராக இருந்தது போய், ஒரு பெருங்குடும்பத்தின் பெயராகிவிட்டது. உப்புக் கரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பேதிக்குக் கொடுக்கும் மக்னீசியம் சல்பேற்று கசக்கும். மயில்துத்தம் நீல நிறம், விஷம். வெடியுப்பு பொற்றாசியம் நைத்திரேற்று. ஈயம் பூசுபவர்கள் பாவிக்கும் நவச்சாரம் அமோனியம் குளோரைட்டு. சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்கிறது, அதுவும் உப்புத்தான். தமிழ் மருத்துவர்களும் இந்தக் குடும்ப உறவை ஓரளவு உணர்ந்திருந்தார்கள் என்பது வெடியுப்பு, இந்துப்பு, பேதியுப்பு என்ற பெயர்களிலேயே தெரிகிறது. யாழ்ப்பாணத்தில் தமிழில் மேல்நாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1875இல் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைத் தமிழில் கொண்டுவந்தபோது, ஒரு குடும்பத்தையே குறிக்கத் தயாரான சொல் அவர் கைக்கு அருகிலேயே இருந்தது.

குடும்ப அடையாளம் என்ன? தண்ணீரில் கரையும்போது உப்பு இரண்டாகப் பிரிந்து, நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் கொண்ட அயன்களாகும். இதை 1884இல் சுவீடன் மாணவர் சுவாந்தே அரேனியஸ் தன் முனைவர்ப் பட்ட ஆய்வில் முன்வைத்தார். அவருடைய பேராசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1903இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. இதன்படி பார்த்தால் கடலுக்குள் 'சோடியம் குளோரைட்டு' என்று தனியாக எதுவும் மிதக்கவில்லை. சோடியம் அயன் ஒரு பக்கம், குளோரைட்டு அயன் ஒரு பக்கம், மக்னீசியம் ஒரு பக்கம் என்று அலைகின்றன. தண்ணீர் வற்றும்போதுதான் யார் யாரோடு சேர்வது என்று முடிவாகிறது. உப்பு கடலிலிருந்து எடுக்கப்படுவதைவிட, பாத்தியில் உருவாக்கப்படுகிறது என்பதே சரி. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் உப்புப் பளிங்கின் உள்ளமைப்பைக் கண்டார்கள். அங்கே ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்ற சோடி கிடையாது; ஒவ்வோர் அயனையும் ஆறு எதிர் அயன்கள் சூழ்ந்து நிற்கின்றன. ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற முதிய ஆங்கிலேய இரசாயனவியலாளரால் இதைத் தாங்க முடியவில்லை. எளிய சாப்பாட்டு உப்பை இப்படிச் சதுரங்கப் பலகையாக்குவதா என்று 1927இல் நேச்சர் இதழில் கோபமாகக் கடிதம் எழுதினார். அறிவியலாளருக்கே உப்பு என்ற சொல்லின் பழைய பொருளை விட மனம் வரவில்லை.

இந்த அடையாளத்தை வைத்துப் பார்த்தால் சில பொருள்கள் குடும்பத்துக்கு வெளியே போய்விடும். யூரியா உரம் பார்க்க உப்பு மாதிரியே வெள்ளையாக, மணிமணியாக இருக்கும். தண்ணீரில் உடனே கரையும். ஆனால் அயனாகப் பிரியாது. அது உப்பல்ல. பக்கத்துச் சாக்கிலுள்ள பொட்டாஷ் உரம், பொற்றாசியம் குளோரைட்டு. அது அசல் உப்பு. தென்னைக்குக் கறியுப்புப் போடும் வழக்கத்துக்கும் காரணம் இருக்கிறது: தென்னைக்குக் குளோரைட்டு தேவை. பிலிப்பைன்சில் தென்னைக்குச் சோடியம் குளோரைட்டை உரமாகவே பரிந்துரைக்கிறார்கள். அதே உப்பை நெல்வயலில் கொட்டினால் பயிர் கருகிவிடும்.

கிணறுதான் இந்தச் சொல் மிக மோசமாக ஏமாற்றும் இடம். கரையோரக் கிணற்றில் 'உப்பு' என்றால் குறைந்தது மூன்று வெவ்வேறு விஷயங்களாக இருக்கலாம்.

முதலாவது, நாக்குக்குத் தெரியும் உப்பு. மணற்பாங்கான கரையில் மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான் பாரம் கூட. அந்தச் சின்ன வித்தியாசத்தால் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே 40 மீற்றர் வரைக்கும் நன்னீர் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும் பிறகு ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. இதன் மறுபக்கம் கொடுமையானது. மோட்டர் போட்டு இழுத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழே உப்புநீர் 40 அடி ஏறி வரும். கிணறு உப்பாவது சோடியம் குளோரைட்டின் வேலை. இறைப்பைக் குறைப்பதும் மழைநீரை நிலத்துக்கு விடுவதும்தான் மருந்து.

இரண்டாவது, கேத்தலில் படிவது. அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பே கரிக்காது. அதன் மேல் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ ஊற்றினால் நுரை தள்ளும். கறியுப்பு அப்படி நுரைக்காது. அது கல்சியம் காபனேற்று, புத்தளத்துச் சீமெந்துக்கு அருவாக்காலில் வெட்டும் சுண்ணாம்புக் கல்லின் அதே சரக்கு. தண்ணீர் கடினமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தல் கெடும். கொதிக்கவைத்தால் இதில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடுவதால் தண்ணீர் கொஞ்சம் மென்மையாகும்.

மூன்றாவதை நாக்காலும் அறிய முடியாது, கேத்தலாலும் அறிய முடியாது: நைத்திரேற்று. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் விளைய உரமும் தண்ணீரும் ஏராளமாகப் பாய்கின்றன. பயிர் எடுக்காத உரம் மணலில் தங்காமல் நேரே கிணற்று நீரில் இறங்குகிறது. அங்குள்ள நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடுவதை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், சில மாதக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். தண்ணீர் இனிப்பாக, 'நல்ல தண்ணி'யாகவே இருக்கும். கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறியும். கேத்தல் உப்புக்குப் பலன் தந்த அதே கொதிநீர், இந்த உப்புக்குப் பாதகம். கையடக்க டிடிஎஸ் கருவியும் இங்கே உதவாது. அது தண்ணீரின் மின்கடத்தலை அளந்து மொத்த அயன்களின் கணக்கைச் சொல்லும், எந்த அயன் என்று சொல்லாது. பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் ஆய்வுகூடத்தில் நைத்திரேற்று என்று பெயர் சொல்லிப் பரிசோதிக்கக் கேட்க வேண்டும்.

சமையலறையிலும் ஒரே பெட்டிக்குள் இரண்டு உப்பு இருக்கிறது. இலங்கையில் 1995இலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். சேர்ப்பது தனி அயடீனை அல்ல, பொற்றாசியம் அயடேற்று என்ற இன்னோர் உப்பை. நம் ஈரக் காற்றில் அது தாக்குப்பிடிக்கும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பொதியில் மூன்று உப்புகள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஒரு லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், இவற்றோடு 13.5 கிராம் குளுக்கோஸ். சீனியும் கறியுப்பும் கலக்கி அவசரத்துக்குக் கொடுக்கலாம். போகும் பொற்றாசியத்தை அது ஈடுசெய்யாது.

சாப்பாட்டுப் பொதிகளின் பின்புறத்தில் அச்சிட்ட சிறு எழுத்தைப் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும், 2 கிராமுக்குக் குறைவாகச் சோடியம் என்று சொல்வதும் ஒரே அறிவுரை. ஒரு கிராம் சோடியம் ஏறத்தாழ இரண்டரைக் கிராம் உப்புக்குச் சமம். 'சோடியம் 1 கிராம்' என்று கண்டு, ஒரு கிராம் உப்புத்தானே என்று விட்டுவிட்டால் கணக்கு இரண்டரை மடங்கு பிழைக்கும். சோடியம் கறியுப்பில் மட்டும் வருவதும் இல்லை. சமையற்சோடா, அஜினோமோட்டோ இரண்டும் சோடிய உப்புகள். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் பரசிற்றமோல் மாத்திரைகளில் பலவற்றில், மாத்திரை ஒன்றுக்குச் சுமார் 0.4 கிராம் சோடியம் உண்டு. ஒரு நாளில் எட்டு மாத்திரை குடித்தவர், கறியில் ஒரு சிட்டிகைகூடப் போடாமலே, எட்டுக் கிராம் உப்புக்குச் சமமானதை உள்ளே தள்ளிவிடுகிறார். பிரஷர் உள்ளவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துக் கடையிலும் உப்புக் குடும்பம் நிறைந்திருக்கிறது. மெற்போமின் ஹைட்ரோகுளோரைட்டு, லொசாட்டன் பொற்றாசியம், டைக்ளோபினாக் சோடியம் என்ற பெயர்களில் முதற்சொல் மருந்து. இரண்டாவது அதன் கூட்டாளி அயன். தண்ணீரில் கரையத் தயங்கும் மருந்தை உப்பாக்கினால் வயிற்றில் நன்றாகக் கரைகிறது. உலகில் பாவனையிலுள்ள மருந்துகளில் ஏறத்தாழப் பாதி இப்படி உப்பு வடிவில்தான் வருகின்றன. டைக்ளோபினாக்கின் பொற்றாசிய உப்பு, சோடிய உப்பைவிட விரைவாக வலியைத் தணிக்கும். மருந்து ஒன்றுதான், உப்புத்தான் வேறு.

'குறைந்த சோடிய உப்பு' என்று பொதியில் வருவது சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் சேர்த்த உப்பு. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரில் ஐந்தாண்டு பார்த்தார்கள். முக்கால் பங்கு சோடியம் குளோரைட்டும் கால் பங்கு பொற்றாசியம் குளோரைட்டும் கலந்த உப்பைப் போட்டுச் சமைத்தவர்களுக்குப் பக்கவாதம் 14 வீதம் குறைந்தது. முடிவு 2021இல் வெளியானது. பெரிய பலன். ஆனால் சிறுநீரகம் பழுதானவரின் உடம்பு பொற்றாசியத்தை வெளியேற்றத் தடுமாறும். தேங்கினால் இதயத் துடிப்பே குழம்பும். அதனால்தான் 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம் சிறுநீரக நோயாளரையும் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அதிலிருந்து விலக்கி வைத்தது. ஊரில் ஒருவருக்கு நல்லது செய்த உப்பு என்று கேள்விப்பட்டு, கிளினிக் போகும் தகப்பனுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது ஆஸ்பத்திரிப் பேச்சைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணியின் சிறுநீரில் அல்புமின் போனால் 'உப்பு நீர்' என்பார்கள். அல்புமின் ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கருவின் உறவு. உப்போடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. இருபதாவது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140க்கு 90 என்ற எல்லையைத் தொட்டு, அதோடு சிறுநீரில் புரதமும் போனால் அது தாயையும் பிள்ளையையும் கொல்லக்கூடிய நிலைமை. 'உப்பு' என்ற பெயரைக் கேட்ட வீட்டார் கறியில் உப்பைக் குறைத்துவிட்டு, வைத்தியம் நடக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? கர்ப்பிணிகள் சாப்பாட்டு உப்பைக் குறைப்பதால் இந்த நோய் வராமல் தடுக்கப்படுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே சொல்லிவிட்டது. தலைவலியும் கண் மங்கலும் மேல்வயிற்று வலியும் வந்தால் சமையலறையைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சிறுநீரகம் பழுதானவரிடம் 'இரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது' என்பதும் பெரும்பாலும் கிரியேட்டினினையோ யூரியாவையோ குறிப்பதுதான். ஒன்று தசையின் கழிவு, மற்றது புரதத்தின் கழிவு, இரண்டும் உப்பல்ல. அதே மனிதருக்கு இரத்தத்தில் சோடியம் 135க்குக் கீழே இறங்கினால் 'உப்பு குறைஞ்சு போச்சு' என்பார்கள். வயதானவர்களுக்கு நீர் போகக் கொடுக்கும் சில மாத்திரைகளாலேயே அப்படி இறங்கும். தடுமாற்றமும் மயக்கமும் வரும். ஆக ஒரே நோயாளிக்கு ஒரே நாளில் உப்பு கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். பொற்றாசியம் மூன்றாவதாக வேறொரு பக்கம் போயிருக்கலாம். பக்கத்தில் நிற்கும் மகளுக்கு இதில் எதைச் சமைப்பது, எதைத் தவிர்ப்பது என்று எப்படித் தெரியும்?

டொக்டர்மாரும் மிஸ்மாரும் நோயாளிக்கு விளங்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் உப்பு என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சோடியம், பொற்றாசியம், கிரியேட்டினின், அல்புமின் என்ற நான்கு பெயர்கள் எந்தப் படிக்காத மனிதருக்கும் கடினமில்லை. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் இன்று எல்லார் வாயிலும் புழங்குகின்றன. அவர்கள் உப்பு என்றே சொன்னால், நீங்கள் கேளுங்கள்: "எந்த உப்பு, டொக்டர்? அளவு எவ்வளவு? சாப்பாட்டு உப்பைக் குறைக்கணுமா, கூட்டணுமா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையா?" பெயரையும் எண்ணையும் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு டொக்டர் பார்த்தாலும் அந்த ஒரு வரி அவருக்கு உதவும்.